விழித்திரை ஆபரேஷன் ஆனவர் வீட்டில் இருந்தால் உடனே படியுங்கள்: எங்களுக்கு 18 லட்சம் கியாட் போச்சு

பர்மாவில், யாங்கோனில் இருக்கும் நம் ஆட்களுக்காக அவசரமாக எழுதுகிறேன். விழித்திரை விலகி ஆபரேஷன் ஆனவர்களைத் தேடிப்பிடித்து, "பார்வை நரம்பை முளைக்க வைக்கும்" மாத்திரையும் சொட்டு மருந்தும் விற்கிறது ஓர் ஆன்லைன் மருந்துக் கடை. எங்களிடம் 18 லட்சம் கியாட்டைக் கறந்துவிட்டு இப்போது என் நம்பரையே பிளாக் செய்துவிட்டார்கள்.

என் வீட்டுக்காரர் தையல்காரர். ஒரு கண்ணில் கறுப்புப் புள்ளிகள் பறந்தன, மின்னல் அடித்தது, அப்புறம் ஓரத்திலிருந்து திரை விழுந்தது. ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் விழித்திரையின் நடுப்பகுதியான மாக்குலாவும் விலகியிருந்தது. டாக்டர் கண்ணுக்குள் இருந்த ஜெல்லை எடுத்து, விழித்திரைக் கிழிசலைச் சுற்றி லேசர் வைத்து, விழித்திரையை ஒட்டிவைக்க வாயு நிரப்பினார். "மாக்குலா விலகினால் பழைய பார்வை அப்படியே வரும் என்று உறுதி சொல்ல முடியாது. மெதுவாகத்தான் தேறும், ஒரு வருஷம்கூட ஆகலாம்" என்று அன்றே சொன்னார். வாயுவுக்காக வீட்டில் இவர் குப்புறப் படுத்தே கிடந்தார், தையல் மிஷின் மூடிக் கிடந்தது. அந்த நேரத்தில்தான் போனில் விளம்பரம் வந்தது. நம்பரைக் கொடுத்ததும் அன்று மாலையே அந்தக் கடை ஆள் ஒருவன் கூப்பிட்டான்.

பேசியது தமிழில். "அக்கா, நானும் தாமுவேக்காரன்தான். அண்ணனுக்கு என்ன நட்சத்திரம் சொல்லுங்க, அனோரத்தா வீதி காளியம்மன் கோயிலில் அர்ச்சனை போட்டுவிட்டுத்தான் பார்சலை அனுப்புவேன்." பெயரையும் நட்சத்திரத்தையும் நிதானமாகக் கேட்டு எழுதிக்கொண்டான். இந்த ஊரில் நம் பாஷையில் ஒருவன் நட்சத்திரம் கேட்டால் யாருக்குத்தான் மனசு இளகாது? 8 லட்சம் அனுப்பினோம்.

அவன் செய்த சூதை இப்போது நினைத்தாலும் உடம்பு எரிகிறது. கண்ணுக்குள் வாயு இருக்கும்வரை அதன் வழியாக ஒன்றும் தெளிவாகத் தெரியாது. வாயு கரையக் கரைய, மேல்பக்கம் தெளிந்து, ஒரு கோடு மட்டும் கிளாஸில் தண்ணீர் ஆடுவது போல ஆடிக்கொண்டே நாளுக்கு நாள் கீழே இறங்கும். இவருக்கு வைத்தது சி3எஃப்8 வாயு. அது கரைய 6 முதல் 8 வாரம் ஆகும். எஸ்எஃப்6 என்ற இன்னொரு வாயு என்றால் 2 வாரம் போல. இதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. "கோடு இறங்குதா அக்கா? மருந்து பிடிக்குது!" என்பான். தானாக வருகிற தெளிவை எங்களுக்கே விலைக்கு விற்றான். அந்தச் சந்தோஷத்தில் இரண்டாவது கோர்ஸுக்கு 10 லட்சம். மொத்தம் 18 லட்சம்!

அதோடு விட்டானா? ஆஸ்பத்திரிச் சொட்டுகளும் அவன் மருந்தும் ஒன்றுக்கொன்று சேராதாம், நிறுத்தச் சொன்னான். அதில் கண் அழுத்தம் குறைக்கும் சொட்டும் இருந்தது. கொஞ்ச நாளில் கண்வலி, தலைவலி, வாந்தி. ஓடிப்போய்க் காட்டினால் அழுத்தம் ஏறியிருந்தது. நல்லவேளை, மருந்தில் இறங்கியது.

வாயு முழுக்கக் கரைந்த பிறகும் நடுப்பார்வை மங்கல்தான். அளவு டேப்பைப் பிடித்தால் நேர்க்கோடு நடுவில் வளைந்து தெரிகிறது, ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. கேட்டதற்கு, "நச்சு வெளியேறுது அக்கா, நல்ல அறிகுறி" என்றான். அடுத்த முறை, "உங்க ஏரியாவில் கரண்ட் அடிக்கடி போகும், பிரிட்ஜில் வைத்த மருந்து கெட்டிருக்கும், கம்பெனி பொறுப்பில்லை" என்றான். கரண்ட் போவது யாங்கோன் முழுக்கத் தெரிந்த விஷயம், விற்கும்போது தெரியவில்லையா? பணத்தைத் திருப்பிக் கேட்டதும் மேலாளர் என்று ஒரு பெண் பர்மியில் பேசினாள். மூன்றாவது கோர்ஸ் வாங்கினால் தள்ளுபடியாம். அப்புறம் போனே எடுக்கவில்லை.

டாக்டரிடம் பாட்டிலைக் காட்டினேன். விலகிய விழித்திரைக்குப் பின்னாலிருந்து வரும் ஊட்டம் நின்றுபோவதால் ஒளியை உணரும் செல்கள் சாகின்றன, செத்ததை முளைக்க வைக்கும் மாத்திரையோ சொட்டோ கிடையாது, பிழைத்தவை ஒட்டிய பிறகு தாமாகவே தேறும் என்றார். அதற்கு 18 லட்சம் வேண்டியதில்லை.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விவரமாக எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது. டாக்டரைக் கேட்காமல் எந்தச் சொட்டையும் நிறுத்தாதீர்கள். வாயு கரையும்வரை விமானம் ஏறக் கூடாது. வேறு ஆபரேஷன் என்றால் மயக்க மருந்து கொடுப்பவரிடம் வாயு இருப்பதை முதலில் சொல்லுங்கள். மறுபடி மின்னலோ திரையோ தெரிந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. நட்சத்திரம் கேட்டு மருந்து விற்கிறவன் கூப்பிட்டால் போனை வைத்துவிடுங்கள். அதே பாட்டில் படம் நேற்று வேறு பெயரில் விளம்பரத்தில் வந்தது. இவர்களிடம் ஏமாந்த வேறு யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்து போய்ப் புகார் கொடுப்போம்.