காரைக்குடி பக்கம் முதியோர் இல்லம் தேடுறீங்களா? ராத்திரி யாரு இருப்பான்னு முதல்ல கேளுங்க

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் வயசானவங்களை ஹோம்ல சேக்கலாம்னு பாத்துக்கிட்டு இருக்கறவங்க தயவுசெஞ்சு இதை முழுசா படிங்க. எங்க அப்பத்தாவுக்கு நடந்தது இன்னொரு வீட்டு ஆச்சிக்கு நடக்கக் கூடாது. புகார் ஓடிக்கிட்டு இருக்கறதால அந்த இடத்தோட பேரை இங்க போடல.

நம்ம ஊரு நிலைமை எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். பிள்ளைங்க சென்னை, சிங்கப்பூர், மலேசியான்னு போயாச்சு, அவ்வளவு பெரிய வீட்டுல ஒத்தையா ஒரு ஆச்சி, கூட ஒரு சமையல் ஆளு, அந்த ஆளும் சொல்லாம கொள்ளாம லீவு போட்டுரும். இதைப் பாத்துட்டு இப்ப பழைய வீடுகளை லீசுக்கு எடுத்து ஹோம் நடத்த ஆரம்பிச்சிருக்காங்க. நாங்க விட்ட இடமும் அப்படி ஒண்ணுதான். தேக்குத் தூணு, தரையில ஆத்தங்குடி கல்லு, நல்ல காத்து வர்ற முற்றம், பாக்கறவங்களுக்கு மனசு நெறைஞ்சுரும். 24 மணி நேர நர்ஸ், வாரம் ரெண்டு தடவ டாக்டர், நம்ம ருசியில சாப்பாடு, தினமும் வாட்ஸப்ல போட்டோன்னு சொன்னாங்க. அட்வான்ஸ் 2 லட்சம், மாசம் 27,000.

அந்த வீடு அழகுதான், ஆனா 80 வயசு கால் நடக்கறதுக்குக் கட்டுனது இல்ல. கட்டுக்குக் கட்டு, அதாவது வீட்டோட ஒவ்வொரு பகுதிக்கும் நடுவுல, உயரமான வாசப்படி, கக்கூஸ் கடைசிக் கட்டுல, படுக்கறது முற்றத்தைச் சுத்தி இருக்கற அறையில. ராத்திரி ஒண்ணுக்குப் போகணும்னா ரெண்டு வாசப்படி தாண்டி நடந்து போகணும். ஆத்தங்குடி கல்லு பழக பழக பளபளன்னு ஆயிரும், அதுல மழைச்சாரல் பட்டா நமக்கே வழுக்கும். புடிச்சிக்க ஒரு கம்பி கெடையாது. கரண்டு பில்லுக்காக பத்து மணிக்கு மேல ஒரே ஒரு லைட்டு.

ஐப்பசி மழையில ஒரு நாள் ராத்திரி அப்பத்தா எந்திரிச்சுப் போயிருக்காங்க, ரெண்டாவது வாசப்படியில கால் தட்டி விழுந்துட்டாங்க. "கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன்யா, ஒருத்தரும் வரல"ன்னு பின்னாடி சொன்னாங்க. காலையில கூட்ட வந்த அம்மாதான் பாத்து, இன்னொருத்தரைக் கூப்பிட்டு ரெண்டு பேரா கையையும் காலையும் புடிச்சு தூக்கிக் கட்டில்ல போட்டிருக்காங்க. விழுந்தவங்களை அப்படித் தூக்கவே கூடாது, 108க்கு அடிச்சுட்டு அசைக்காம வச்சிருக்கணும். எங்களுக்குப் போன் வந்தது பத்து மணிக்கு மேல. மேனேஜர் சொன்னது இதுதான்: "ஒண்ணுமில்லண்ணே, ஆச்சி லேசா சறுக்கிட்டாங்க, தைலம் தேச்சு விட்டாச்சு, நல்லா தூங்குறாங்க."

வழக்கம் போல போட்டோவும் வந்துச்சு. போர்வையை கழுத்து வரைக்கும் போத்தி விட்டு எடுத்திருந்தாங்க, ஆனா கால்மாட்டுல போர்வை விலகி ரெண்டு பாதமும் வெளிய தெரிஞ்சுச்சு. இடது பாதம் நேரா மேல பாக்குது, வலது பாதம் அப்படியே வெளிப்பக்கம் சாஞ்சு கெடக்கு, அந்தக் காலு கொஞ்சம் கட்டையாவும் தெரியுது. நர்ஸா வேல பாக்கற என் தங்கச்சி அந்தப் போட்டோவப் பாத்த உடனே இது இடுப்பு எலும்பு முறிவு, தைலம் தேய்க்கற விஷயம் இல்லன்னு சொல்லிருச்சு. உடனே சொந்தக்காரங்களை அனுப்பி மதுரைக்குக் கொண்டு போனோம், எக்ஸ்ரேல அதே தான். இந்த முறிவுக்கு முடிஞ்ச வரைக்கும் 48 மணி நேரத்துக்குள்ள ஆபரேஷன் பண்ணணும், தள்ளிப்போகப் போக நெஞ்சுச்சளி, படுக்கைப்புண், ரத்தக்கட்டுன்னு ஒவ்வொண்ணா வரும். அந்த மேனேஜர் பேச்சை நம்பியிருந்தா அந்த நேரமும் போயிருக்கும்.

ஆஸ்பத்திரியில மருந்து விவரம் கேட்டாங்கன்னு அந்த ஹோமோட மருந்து நோட்டை என் சித்தப்பா போய் வாங்கிட்டு வந்தாரு. அதைப் பாத்தப்பதான் எனக்கு வயித்தைக் கலக்குச்சு. காலை, மதியம், ராத்திரின்னு கட்டம் போட்டு எல்லாத்துலயும் டிக், ஒரே பேனா, ஒரே சாய்வு. அன்னிக்கு புதன்கிழமை, ஆனா நோட்டுல வரப்போற ஞாயித்துக்கிழமை ராத்திரி மாத்திரை வரைக்கும் முன்கூட்டியே கொடுத்ததா டிக் போட்டிருக்கு! அப்ப எந்த மாத்திரை உள்ள போச்சு, எது போகலன்னு யாருக்குத் தெரியும்? அப்பத்தா சாப்பிடறது கிளிமிபிரைடு, அது சாப்பாட்டோட போட வேண்டிய சுகர் மாத்திரை, சாப்பாடு கொறைஞ்சா சுகர் கீழ எறங்கிரும். இவங்க பகல் ஆளு கிளம்பறதுக்காக அஞ்சரைக்கே ரெண்டு இட்லி குடுத்து மாத்திரையும் குடுத்துருவாங்க, அதுக்கப்புறம் மறுநாள் காலை எட்டு மணிக்குத்தான் சாப்பாடு. சுகர் எறங்கித் தலை சுத்திக்கூட விழுந்திருக்கலாம்னு மதுரை டாக்டர் சொன்னாரு.

ராத்திரி டூட்டிக்கு இருந்தது ஒரே ஒரு அம்மா, இருபது பேருக்கு மேல இருக்கற இடத்துல. அவங்க மேல எனக்குக் கோவமே இல்ல, பகல்லயும் அவங்களைத்தான் வேல வாங்கியிருக்காங்க, "நான் ஒருத்தி என்ன தம்பி செய்வேன், ஒரு ஆச்சிக்கு துணி மாத்தி முடிக்கறதுக்குள்ள அடுத்த அறையில கூப்பிடுறாங்க"ன்னு அழுதாங்க. படுத்த படுக்கையா இருக்கறவங்களை ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ திருப்பிப் போடணும், இல்லைன்னா புண்ணு வரும். அங்க அப்படி நாலு பேர் இருந்தாங்க. ஒத்த ஆள் எப்படி முடியும்? நர்ஸ்னு நமக்குக் காமிச்ச பொண்ணு நர்சிங்கே படிக்கல, சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக்குப் போயிரும்.

எல்லாத்தையும் விட எனக்கு பயமா இருந்தது பூட்டு. ராத்திரி முன்கதவை வெளிப்பக்கமாப் பூட்டி சாவியை வாட்ச்மேன் மடியில வச்சுக்குவாரு, அவரு திண்ணையில படுப்பாரு, பின்கதவுக்கும் பூட்டு. மறதி உள்ளவங்க வெளிய போயிருவாங்கன்னு காரணம் சொல்றாங்க. நம்ம பக்கத்து மாவட்டம்தான ராமநாதபுரம், அங்க ஏர்வாடியில 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி மனநல காப்பகத்துல கொட்டகை தீப்புடிச்சு, சங்கிலியில கட்டிப் போட்டிருந்த 28 பேர் செத்துப் போனாங்க. தப்பிக்க முடியாதபடி கட்டி வச்சதுனாலதான் அத்தனை உயிரும் போச்சு. அதுக்கப்புறமும் தேக்கு மரம் மேல, வயசானவங்க உள்ள, கதவு வெளிய பூட்டுன்னு ஒருத்தர் ஹோம் நடத்துறாருன்னா என்ன சொல்றது.

ஹால்ல ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கற சர்டிபிகேட்டை நல்லா படிச்சுப் பாருங்க. அங்க மாட்டியிருந்தது டிரஸ்ட் பதிவு, வருமான வரி விலக்கு, சாப்பாட்டு லைசென்ஸ். டிரஸ்ட் பதிவுங்கறது ரிஜிஸ்தர் ஆபீஸ்ல போய் யாரு வேணும்னாலும் போட்டுக்கலாம், அதுக்கும் முதியோர் இல்லம் நடத்துற அனுமதிக்கும் சம்பந்தமே இல்ல. முதியோர் இல்லத்தை சமூக நலத்துறையில பதிவு பண்ணியிருக்கணும், சிவகங்கை கலெக்டர் ஆபீஸ்ல இருக்கற மாவட்ட சமூக நல அலுவலர்கிட்ட கேட்டா பதிவு இருக்கா இல்லையான்னு தெரிஞ்சுக்கலாம். புதுக்கோட்டை மாவட்டத்துப் பக்கம் இருக்கற நம்ம ஊருங்களுக்கு அங்க உள்ள அலுவலர். நாங்க விட்ட இடத்துக்குப் பதிவு இல்ல.

புகார் எங்க குடுக்கறதுன்னு ரொம்ப அலைஞ்சோம். நிறைய பேர் தேவகோட்டை கோட்டாட்சியர்கிட்ட போங்கன்னு சொன்னாங்க, ஆனா பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007ஆம் வருஷச் சட்டத்துல அவர் கையில இருக்கற தீர்ப்பாயம் பிள்ளைங்க பெத்தவங்களைப் பாக்காம விட்டா ஜீவனாம்சம் வாங்கித் தர்றதுக்கு, இல்லம் சரியில்லன்னா சமூக நலத்துறைக்குத்தான் எழுதணும். மூத்த குடிமக்கள் உதவி எண் 14567, காசு கெடையாது. அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டா "மூணு மாச நோட்டீஸ் தரல"ங்கறாங்க, ஒப்பந்தத்துல "எந்த விபத்துக்கும் நிர்வாகம் பொறுப்பல்ல"ன்னு ஒரு வரியைக் காட்டுறாங்க. அப்படி எழுதி வச்சுட்டா மட்டும் பொறுப்பு போயிராதுன்னு வக்கீல் சொன்னதால மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல போட்டிருக்கோம், நாம ஹோமுக்குக் கட்டுன பணம் 5 லட்சம் வரைக்கும்னா புகாருக்குக் கட்டணமே இல்ல, ஆன்லைன்லயே போடலாம். மருந்து நோட்டையும் அந்தப் போட்டோவையும் பத்திரமா வச்சிருக்கோம், நீங்களும் வர்ற ஒவ்வொரு போட்டோவையும் அழிக்காதீங்க.

அப்பத்தா இப்ப எங்க சித்தப்பா வீட்டுல இருக்காங்க, வாக்கர் புடிச்சு கக்கூஸ் வரைக்கும் நடக்கறாங்க. அந்த வீட்டுல இன்னும் இருபது பேர் இருக்காங்க. உங்க வீட்டு ஆச்சியோ ஐயாவோ எந்த ஹோம்ல இருந்தாலும் இன்னிக்கு ராத்திரி பதினோரு மணிக்கு மேல அந்த இடத்துக்குப் போன் அடிங்க, யாரு எடுக்கறாங்க, எத்தனை பேர் முழிச்சிருக்காங்க, கதவுச் சாவி யார்கிட்ட இருக்குன்னு கேளுங்க. பேரு தெரியணும்னா என்கிட்ட தனியா கேளுங்க, சொல்றேன்.