முதியோர் நடத்தும் உணவு வங்கி: தென் லண்டனிலிருந்து ஒரு மதிப்பீடு

தென் லண்டனில் ஒரு தேவாலயத்தை ஒட்டிய மண்டபத்தில், வாரத்தில் இரண்டு பிற்பகல்கள் மட்டும், வறுமையில் வாடுவோருக்கு உணவுப் பொருள்களை இலவசமாகத் தரும் ஓர் உணவு வங்கி இயங்குகிறது. அதை நடத்துபவர்களில் பெரும்பாலோர் எழுபது வயதைக் கடந்தவர்கள். ஓய்வுபெற்ற செவிலியர், பள்ளி ஆசிரியை, தபால்காரர் எனப் பலரும் சம்பளம் எதுவும் பெறாமல் அங்கே உழைக்கிறார்கள். பராமரிப்புப் பணி விசாவில் வந்து, வேலை நேரம் குறைக்கப்பட்டதால் வாடகை கட்டிய பின் வயிற்றுப்பாட்டுக்கே வழியில்லாமல் தவித்த ஒரு தமிழ்க் குடும்பத்துக்குத் துணையாகச் சென்றபோதுதான் இந்த இடத்தை அருகிலிருந்து பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது.

நம்மவர்கள் இத்தகைய இடங்களுக்குப் போகத் தயங்குவதற்கு மானம் ஒரு காரணம் என்றால், விசா பற்றிய அச்சம் அதைவிடப் பெரிய காரணம். அரசின் பொது நிதியை, அதாவது அரசு தரும் நலத்தொகைகளை, பெறக்கூடாது என்ற நிபந்தனையுடன் விசா பெற்றவர்கள், உணவு வங்கியில் பொருள் வாங்கினால் அந்த நிபந்தனையை மீறியதாகிவிடும் என்று நம்புகிறார்கள். அது சரியன்று. உணவு வங்கிகள் தரும் உணவு தொண்டு உதவியே தவிரப் பொது நிதி ஆகாது. இதைத் தெரியாமல் பட்டினி கிடப்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள் என்பதை எண்ணும்போது மனம் பதைக்கிறது.

பல உணவு வங்கிகளைப் போல இங்கும் வவுச்சர் முறைதான். குடும்ப மருத்துவர், பள்ளி, சமூகப் பணியாளர், இலவச ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் தொண்டு அமைப்பு போன்றவர்களில் ஒருவர் நிலைமையைக் கேட்டறிந்து பரிந்துரைத்தால், குறைந்தது மூன்று நாளுக்கான உணவு கிடைக்கும். 2000ஆம் ஆண்டில் சாலிஸ்பரியில் தன் முதல் உணவு வங்கியைத் தொடங்கிய டிரஸ்ஸல் என்ற தொண்டு அமைப்பு நாடெங்கும் பரப்பிய முறை இது. 2023–24இல் அந்த அமைப்பின் உணவு வங்கிகள் மட்டும் 31 லட்சத்துக்கும் மேற்பட்ட உணவுப் பொதிகளை வழங்கின. அவற்றில் 11 லட்சத்துக்கும் அதிகமானவை குழந்தைகளுக்குச் சென்றன. யூனிவர்சல் கிரெடிட் எனும் அரசு நலத்தொகைக்கு விண்ணப்பிப்பவர் முதல் தொகைக்கே ஐந்து வாரம் காத்திருக்க வேண்டிய நாட்டில், இந்த எண்ணிக்கை எனக்கு வியப்பளிக்கவில்லை.

மண்டபத்தில் வரிசை என்று ஒன்று இல்லை. வருபவரை மேசையருகே உட்கார வைத்து, தேநீரும் பிஸ்கட்டும் கொடுத்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். எங்களிடம் பேசிய மூதாட்டி, வீட்டில் அடுப்பு வேலை செய்கிறதா, முன்பணம் கட்டும் மின்சார மீட்டரில் பணம் இருக்கிறதா என்று முதலில் கேட்டார். சமைக்க வழியில்லாதவருக்கு வெந்நீர் ஊற்றினாலே உண்ணக்கூடிய பொருள்களைத் தனியாகக் கட்டிக்கொடுப்பார்களாம். நான் துணைக்குச் சென்ற குடும்பத்தின் பெண், தான் சைவம் என்பதை வாய்விட்டுச் சொல்லக் கூசினார். பொதியைப் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்த மூதாட்டி, இறைச்சி டின்னைப் பார்த்ததும் அந்தப் பெண்ணின் முகம் மாறியதைக் கவனித்து, அதை எடுத்து வைத்துவிட்டுக் கொண்டைக்கடலை டின்கள் இரண்டையும் ஒரு பொட்டலம் அரிசியையும் சேர்த்தார். விளக்கம் எதுவும் கேட்கவில்லை. பணம் கொடுத்து வாங்கும் கடைகளிலும் நான் அரிதாகவே கண்ட பக்குவம் அது. அவசரமில்லாதவர்களால்தான் அப்படி ஒருவருக்காக நேரம் ஒதுக்க முடிகிறது.

பின்கட்டில் நடக்கும் வேலையும் சீராக இருக்கிறது. நன்கொடையாக வரும் ஒவ்வொரு டின்னின் மேலும் காலாவதித் தேதியைக் கறுப்பு மார்க்கரால் பெரிதாக எழுதி, முதலில் முடியப்போவதை முன்னால் அடுக்குகிறார்கள். நசுங்கிய டின்களை ஒதுக்கிவிடுகிறார்கள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஓய்வுபெற்றவர்களுக்கு வசதியான பிற்பகல் நேரம், வேலைக்குப் போயும் வருமானம் போதாதவர்களுக்கு எட்டாத நேரம். நான் துணைக்குப் போன பெண், இருந்த கொஞ்ச வேலையிலும் ஒரு ஷிப்டை விட்டுவிட்டுத்தான் வர வேண்டியிருந்தது. புதிய காய்கறி மிகக் குறைவு, பருப்பு அறவே இல்லை. பொருள்கள் நிறைந்த பெட்டிகளை முழங்கால் வலியுள்ளவர்கள் தூக்கி நகர்த்துவதைப் பார்க்கவே பொறுக்கவில்லை. பனிக்காலத்தில் இரண்டு பேர் நோயுற்றாலே ஒரு நாள் பணி தள்ளாடிவிடும் என்றும் சொன்னார்கள்.

கொடுக்க நினைப்பவர்கள் பத்துக் கிலோ அரிசி மூட்டையைக் கொண்டுபோக வேண்டாம். அதைப் பிரித்துக் கட்டவும் அங்கே வசதியில்லை, தூக்கவும் ஆளில்லை. ஒரு கிலோ அல்லது அரைக் கிலோ பொட்டலங்களாக அரிசி, பருப்பு, தக்காளி டின், கெடாத பால் ஆகியவற்றைத் தரலாம். சமைத்த உணவையும் பிரித்த பொட்டலத்தையும் ஏற்பதில்லை.

மாலை நேரத்திலும் திறக்க முடியாதா என்று ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டேன். ஆறு மணிக்கு மேல் வரக்கூடிய நான்கைந்து பேர் நிலையாகக் கிடைத்தால் வாரத்தில் ஒரு மாலை திறக்கத் தயார் என்றார். அவர்களில் ஒருவராவது வேன் ஓட்டத் தெரிந்தவராக இருந்தால், சூப்பர்மார்க்கெட்டுகளில் உள்ள நன்கொடைப் பெட்டிகளில் சேரும் பொருள்களையும் அன்றே எடுத்து வந்துவிடலாம் என்பது அவருடைய கணக்கு. அருகில் வசிக்கும் நம் இளைஞர்கள் மண்டபம் திறந்திருக்கும் நேரத்தில் நேரில் சென்று பெயர் கொடுக்கலாம்.