தந்தைவழி டிஎன்ஏ டெஸ்ட்: பட்டியலுக்குக் காசு கொடுக்கலாம், அம்புக்குறிக்கு வேண்டாம்

ஆறு வாரம் என்று சொல்லிவிட்டுப் பத்து வாரம் இழுத்தடித்து, ஒருவழியாக என் ஒய் குரோமோசோம் (அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போவது) ரிசல்ட் வந்து சேர்ந்தது. கம்பெனி பெயர் வேண்டாம். நான் இந்த டெஸ்டை எடுத்ததே ஒரு காரணத்துக்காகத்தான்: ஆப்பிரிக்காவில் கிளம்பிய அப்பன்வழி வம்சத் தொடரை எவ்வளவு தூரம் பின்னால் பிடித்துக்கொண்டே போக முடியும் என்று பார்க்க வேண்டும். அதனால் இந்த விமர்சனமும் அந்தப் பகுதியைப் பற்றித்தான்.

கிட்டில் குறை இல்லை. சின்னப் பெட்டி, இரண்டு பஞ்சுக்குச்சி, இரண்டு குப்பி. ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் குடிக்காமல் இருந்து, கன்னத்தின் உட்புறத்தை நன்றாகத் தேய்த்து, நுனியைக் குப்பிக்குள் உடைத்துப் போட்டு மூடினால் முடிந்தது. பெண்களுக்கு இந்த டெஸ்ட் செல்லாது, அப்பாவையோ அண்ணன் தம்பியையோதான் தேய்க்கச் சொல்ல வேண்டும்.

ரிசல்ட் பக்கத்தைத் திறந்ததும் முதலில் வருவது ஒரு வரைபடம். எத்தியோப்பியாவில் ஒரு புள்ளி, அங்கிருந்து தடியான சிவப்பு அம்புக்குறி ஒன்று செங்கடலைத் தாண்டி ஆசியாவுக்குள் பாய்கிறது. கீழே "உங்கள் முன்னோர் இங்கே பிறந்தார்" என்று ஒரு வரி. என்னிடம் இருக்கும் எம்168 என்ற டிஎன்ஏ மாற்றத்தை வைத்துத்தான் அதைச் சொல்கிறார்கள். அந்த மாற்றம், ஒய் குரோமோசோம் வம்ச மரத்தின் மிகப் பழைய ஏ, பி கிளைகளைத் தவிர உலகத்தில் மற்ற எல்லா ஆண்களிடமும் இருக்கிறது. அது எந்த ஊரில் தோன்றியது என்று குரோமோசோமில் எழுதியிருக்காது. இன்றைக்கு எந்தக் கிளை எங்கே அதிகம் என்று பார்த்துவிட்டு, அன்றைக்கும் அங்கேதான் இருந்திருப்பார்கள் என்று ஊகிக்கிறார்கள், அவ்வளவுதான். ஒரே அம்புக்குறி என்பதும் சரியில்லை. நைஜீரிய ஆண்கள் 3 பேரின் அரிய டி0 கிளையை 2019-ல் முழுதாகப் படித்தவர்கள், ஆப்பிரிக்காவை விட்டு ஒன்றல்ல, மூன்று கிளைகள் வெளியேறியிருக்கும் என்று வாதிட்டார்கள்.

சரி, மரத்தின் அடிவேரைப் பற்றி ரிப்போர்ட் என்ன சொல்கிறது? எல்லாவற்றுக்கும் முதலில் பிரிந்த ஏ00 என்ற கிளைக்கு அரைப் பத்தி. எனக்குக் கடுப்பானது இங்கேதான், ஏனென்றால் மொத்த விஷயத்திலும் சுவாரசியமானதே அதுதான். 2011-ல் இந்த மரத்தின் வேருக்கு, அதாவது எல்லா ஆண்களுக்கும் பொதுவான அப்பன்வழி மூதாதைக்கு, ஏறக்குறைய 1,42,000 வயது என்று கணக்குப் போட்டிருந்தார்கள். அப்புறம் அமெரிக்காவின் தென் கரோலினாவைச் சேர்ந்த ஓர் ஆப்பிரிக்க அமெரிக்கக் குடும்பம், வம்சம் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு, நம்மைப் போலவே காசு கட்டி அனுப்பிய ஒரு சாம்பிள், எந்தக் கிளையிலும் ஒட்டாமல் நின்றது. 2013-ல் அதை ஏ00 என்று கட்டுரையாக வெளியிட்டவர்கள் வேரை 3,38,000 ஆண்டுகளுக்குத் தள்ளினார்கள். பிந்தைய கணக்குகள் அதை இரண்டரை லட்சம் வாக்கில் இறக்கின. அதே கிளை மேற்குக் கேமரூனின் ம்போ மக்களில் 11 பேரிடமும் இருந்தது. 2020-ல் கேமரூனின் ஷூம் லாகா பாறைக் குகையில் கிடைத்த எலும்புகளைப் படித்தபோது, ஏறக்குறைய 8,000 ஆண்டுகளுக்கு முன் புதைக்கப்பட்ட ஒரு சிறுவனிடமும் ஏ00. ஆனால் அங்கே புதைக்கப்பட்டவர்கள் இன்று அந்தப் பகுதியில் வாழும் பெரும்பாலோருக்கு நேரடி முன்னோர் இல்லை. ஒரே இடம்தான், ஆட்கள் மாறிவிட்டார்கள். எத்தியோப்பியப் புள்ளியை நான் நம்பாததற்கு இதைவிட என்ன வேண்டும்?

இந்த ஆள் மாற்றம் தெற்கே இன்னும் பளிச்சென்று தெரியும். கேமரூன், நைஜீரியா எல்லைப் பக்கமிருந்து பாண்டு மொழி பேசிய விவசாயிகள் பரவியபோது அவர்களுடைய ஈ-எம்2 கிளை போன இடமெல்லாம் பெருகி, பழைய ஏ, பி கிளைகளை ஓரங்கட்டியது. அதே ஜனங்களின் தாய்வழி டிஎன்ஏவைப் பார்த்தால், தென்னாப்பிரிக்கப் பக்கம் அங்கே முன்பே இருந்த சான் வேட்டையாடி மக்களின் பழைய வம்சத் தொடர்கள் நிறையவே மிஞ்சியிருக்கின்றன. அப்பன்வழியை மட்டும் பார்த்தால் பாதிக் கதை காணாமல் போகும். பத்துத் தலைமுறை பின்னால் போனால் 1,024 முன்னோர், இந்த டெஸ்ட் பேசுவது அதில் ஒரே ஒருவரைப் பற்றி. ரிப்போர்ட்டில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

எந்த பேக்கேஜ் எடுப்பது என்று கேட்பவர்களுக்கு: குறைந்த மார்க்கர் (டிஎன்ஏவில் ஒப்பிட்டுப் பார்க்கும் இடம்) உள்ள மலிவு பேக்கேஜ் வேண்டவே வேண்டாம். தெற்கு ஆப்பிரிக்காவின் லெம்பா மக்கள் கதை தெரியுமா? யூத மூதாதையர் வழி வந்தவர்கள் என்பது அவர்களுடைய வாய்வழி மரபு. 2000-ல் 6 மார்க்கர்களை வைத்துப் பார்த்தபோது, யூதப் புரோகிதர்களிடம் அதிகம் காணப்படும் அமைப்பு அவர்களுடைய புபா குலத்தில் தூக்கலாகத் தெரிந்தது. 2013-ல் கூடுதல் மார்க்கர்களோடு பார்த்தபோது அந்தப் பொருத்தம் தளர்ந்துவிட்டது. மத்திய கிழக்குத் தொடர்பு வரைக்கும் சொல்லலாம், யூதர் என்று குறிப்பிட்டுச் சொல்ல முடியாது என்றார்கள்.

நான் எடுத்தது பெரிய பேக்கேஜ். ஒவ்வொரு மாற்றமும் வரிசையாக இருக்கிற பட்டியலும் ரா டேட்டாவும் இறக்கிக்கொள்ளலாம். அதற்காக மட்டும் ஐந்தில் மூன்று நட்சத்திரம். மரம் வளர வளர, புதிய கிளை பெயரிடப்பட பெயரிடப்பட, அந்தப் பட்டியலை வைத்து நாமே திரும்பப் பார்த்துக்கொள்ளலாம்.

அந்த அம்புக்குறியை எப்போது திருத்துவீர்கள் என்று கஸ்டமர் கேருக்கு மெயில் போட்டேன். நான்கு நாளில் பதில் வந்தது. வரைபடத்தை ஃபிரேம் போட்டு வீட்டுக்கே அனுப்பிவைக்கத் தள்ளுபடி இருக்கிறதாம்.