ஒரே பிரிட்ஜில் மூன்று வருட வீலேன்: வேகம் தொலைந்த இடம்

எங்கள் அலுவலகத்தின் விஎம்கள் (ஒரு சர்வருக்குள் தனித்தனிக் கணினிகள் போல ஓடும் மெய்நிகர் கணினிகள்) எல்லாம், அவற்றை நிர்வகிக்கும் ப்ராக்ஸ்மாக்ஸ் ஓடும் ஒரே சர்வரில் இருக்கின்றன. ஒரு 10 ஜிகாபிட் போர்ட், அதன் மேல் வீலேன் அவேர் பிரிட்ஜ் ஒன்று. பிரிட்ஜ் என்பது விஎம்களை அந்தப் போர்ட்டோடு இணைக்கும் மென்பொருள் சுவிட்ச்; வீலேன் என்பது ஒரே கம்பியில் ஓடும் தனித்தனி நெட்வொர்க், பாக்கெட்டில் ஒட்டும் எண்தான் (டேக்) அதைப் பிரித்துக் காட்டும். கணக்குப் பிரிவுக்கு 20, கேமராக்களுக்கு 30, பேக்கப்புக்கு 40 என்று டேக் போட்டிருக்கிறோம். மூன்று வருடத்துக்கும் மேலாக இதே அமைப்புதான். இப்போது கேட்டாலும் இதையே பரிந்துரைப்பேன். ஆனால் முதல் வருடத்தில் இது என்னைப் படுத்திய பாட்டையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ராத்திரி 11 மணிக்கு ஆரம்பித்து விடிவதற்குள் முடிய வேண்டிய பேக்கப், மறுநாள் காலை 10 மணிக்கும் ஓடிக்கொண்டிருந்தது. நெட்வொர்க் வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப்3 போட்டுப் பார்த்தேன். டேக் இல்லாத விஎம்மில் இரண்டு பக்கமும் 9.4 ஜிகாபிட். வீலேன் 40-இல் இருக்கும் பேக்கப் விஎம் டேட்டாவை அனுப்பினால் 9.3. அதையே திருப்பி, விஎம் வாங்கும்படி ஓட்டினால் வெறும் 1.7. கேபிளை மாற்றினோம், சுவிட்ச் போர்ட்டை மாற்றினோம். பலன் இல்லை.

டேக் போட்டால் வேகம் குறையத்தானே செய்யும் என்று கூட வேலை செய்பவர் ஒருவர் சொன்னார். அதையும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். வீலேன் டேக் (802.1க்யூ என்ற தரத்தின்படி) வெறும் 4 பைட். எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு, 1500-ஆக இருக்கும்போது, ஃபிரேம்களுக்கு நடுவே வரும் இடைவெளி உட்பட ஒவ்வொரு பாக்கெட்டும் கம்பியில் 1538 பைட் இடம் பிடிக்கும். டேக் சேர்ந்தால் 1542. அதாவது 9.41 கிடைத்த இடத்தில் 9.39 கிடைக்கும். டேக்கின் பாரம் அவ்வளவுதான். 1.7-க்கு அது காரணமாக இருக்கவே முடியாது.

அப்புறம்தான் வழியைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்த்தேன். ஒரே சர்வரில், ஒரே வீலேனில் இருக்கும் இரண்டு விஎம்களுக்கு இடையே 20 ஜிகாபிட்டுக்கு மேல் போனது. அந்த டிராஃபிக் நெட்வொர்க் கார்டைத் தொடுவதே இல்லை. ஆகவே பிரிட்ஜ் மேலும், விஎம்மின் மெய்நிகர் நெட்வொர்க் கார்டான விர்ட்ஐஓ மேலும் குற்றம் இல்லை. அடுத்து, ஹோஸ்ட்டிலேயே பிரிட்ஜின் மேல் 40-ஆம் வீலேனுக்கு ஒரு இன்டர்ஃபேஸ் உண்டாக்கி ஐபி கொடுத்தேன். அங்கேயும் வாங்கும் வேகம் 1.7-தான். அப்படியானால் விஎம்மும் தப்பித்தது. மிச்சம் இருந்தது கார்டும் அதன் டிரைவரும்.

போகும் வரும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப்பை கார்டின் இன்டர்ஃபேஸில் ஓடவிட்டேன். டேக் இல்லாத டிராஃபிக்கில் ஒவ்வொரு வரியிலும் நீளம் 20 ஆயிரம், 40 ஆயிரம், சில இடங்களில் 65160 என்று வந்தது. 1448 பைட் துண்டுகள் 45 சேர்ந்தால் 65160. கெர்னலின் ஜிஆர்ஓ என்ற வசதி சின்ன பாக்கெட்டுகளை ஒன்றாக்கி மேலே அனுப்புகிறது என்று அர்த்தம். வீலேன் 40-க்கு வந்தால் 1448, 1448, 1448 என்று திரை முழுக்க அதே எண். ஒன்றுகூடச் சேரவில்லை. பக்கத்து டெர்மினலில் டாப் திறந்திருந்தது. ஒரே ஒரு கோரில், வரும் பாக்கெட்டுகளைக் கையாளும் கெர்னல் வேலையான கேசாஃப்ட்ஐஆர்க்யூடி 100 சதவீதத்தில் நின்றது, மற்ற கோர்கள் சும்மா இருந்தன. அந்தத் திரையைப் பார்த்தபோது வந்த நிம்மதி இன்னும் நினைவிருக்கிறது. (இதைச் செய்து பார்ப்பவர்கள் ஃபில்டரில் வீலேன் என்ற சொல்லையும் சேர்க்க மறக்காதீர்கள். ஐபெர்ஃப்3 பயன்படுத்தும் போர்ட் 5201 என்று மட்டும் கொடுத்தால் டேக் உள்ள பாக்கெட்டுகள் கண்ணில் படாமல் போகலாம்.)

வரும் பாக்கெட்டிலிருந்து டேக்கைக் கழற்றும் வேலையைக் கார்டே செய்யும், அதுதான் ஆர்எக்ஸ் வீலேன் ஆஃப்லோட். எங்கள் டிரைவரில் அப்படிக் கழற்றப்பட்ட பாக்கெட்டுகள் ஜிஆர்ஓவுக்குப் போகாமல் நேராக மேலே போய்க்கொண்டிருந்தன. கார்டின் அமைப்புகளை மாற்றும் இத்டூலில் அந்த ஒரு வசதியை மட்டும் அணைத்தேன். டேக்கைக் கழற்றும் வேலை கெர்னலுக்கு வந்தது. வேகம் 9.3-க்கு ஏறியது. ஜிஆர்ஓ, டிஎஸ்ஓ (அனுப்பும் பெரிய டேட்டாவைக் கார்டே பாக்கெட்டுகளாகப் பிரிக்கும் வசதி) எல்லாவற்றையும் மொத்தமாக அணைத்துவிடு என்று பலர் சொல்வார்கள். அதைச் செய்யாதீர்கள். 10 ஜிகாபிட்டில் அவை இல்லாவிட்டால் சிபியு திணறிவிடும். எது கோளாறோ அதை மட்டும் தொடுங்கள்.

இத்டூலில் செய்தது ரீபூட் ஆனால் போய்விடும். அதனால் நெட்வொர்க் கான்ஃபிகில், இன்டர்ஃபேஸ் எழுந்ததும் தானாக ஓடும் போஸ்ட் அப் வரியாகப் போட்டு வைத்தேன். இரண்டாம் வருடம் கெர்னலை அப்டேட் செய்ததும் இன்டர்ஃபேஸின் பெயரே மாறிவிட்டது. சர்வர் நெட்வொர்க் இல்லாமல் எழுந்தது, கன்சோலில் உட்கார்ந்து சரிசெய்தேன். இப்போது கார்டின் நிரந்தர அடையாள எண்ணான மேக் முகவரியை வைத்துப் பெயரை சிஸ்டம்டி லிங்க் ஃபைலில் கட்டிப்போட்டிருக்கிறேன். இந்த அமைப்பில் என்னை உண்மையிலேயே சலிக்க வைத்தது இது ஒன்றுதான்.

பேக்கப் வீலேனில் எம்டியு 9000 வைத்தபோது ஒரு சின்னச் சிக்கல். எஸ்எஸ்எச் நன்றாகப் போகும், ஃபைல் காப்பி மட்டும் அப்படியே நின்றுவிடும். பாக்கெட்டை உடைக்கக் கூடாது என்று சொல்லி 8972 பைட்டில் பிங் செய்ததும் தெரிந்தது, சுவிட்ச்சில் ஒரு போர்ட் மட்டும் 1500-லேயே இருந்தது.

விஎம்முக்குள் டேக் போடும் பழக்கத்தையும் விட்டுவிட்டேன். ஹோஸ்ட்டில் அந்த விஎம்மின் நெட்வொர்க் கார்டுக்கு எண்ணைக் கொடுத்தால் போதும், விஎம்முக்கு வீலேன் இருப்பதே தெரியாது. இப்படி வைத்தால் தேட வேண்டிய இடம் ஒன்று குறைகிறது. ஃபயர்வால் விஎம் மட்டும் விதிவிலக்கு, அதற்கு எல்லா வீலேனும் வேண்டும்.

போன மாதம் புதிய கெர்னலில் அந்த ஆஃப்லோடை மறுபடி போட்டுப் பார்த்தேன். டேக்கோடு வாங்கும் வேகம் 9.3 வந்தது, டிசிபிடம்ப்பில் பெரிய நீளங்களும் வந்தன. டிரைவரைத் திருத்திவிட்டார்கள் போலிருக்கிறது. இரண்டு வாரம் பேக்கப் ஒழுங்காக முடிந்தால் அந்த போஸ்ட் அப் வரியை எடுத்துவிடுவேன்.