காடையும் தாராவும்: படுவான்கரையிலிருந்து ஒரு வேட்டைக் கணக்கு

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும் அழைப்பது எங்கள் வழக்கம். படுவான்கரையில் வளர்ந்தவர்களுக்கு இரண்டு வகைப் பறவைகள் சிறு வயதிலேயே பழகிவிடும். வீட்டுக்குப் பின்னால், சேனைப் பற்றைகளிலும் அறுவடை முடிந்த வட்டையின், அதாவது வயல்வெளியின், ஓரங்களிலும் காடையும் புறாவும் காட்டுக்கோழியும் திரியும். வீட்டுக்கு முன்னால், வாவியிலும் குளங்களிலும் தாராவும் சிறு தாராவான சிறகியும் மிதக்கும். இவற்றில் எதை வேட்டையாடுவது கடினம் என்ற வழக்கு ஊர்ப் பெரியவர்கள் கூடும் இடங்களில் இன்றும் எழுவதுண்டு. அநேகமானவர்கள் காடையின் பக்கமே நிற்பார்கள். தாரா கூட்டமாக வெட்டவெளியில் கிடக்கிறது, காடையோ கண்ணிலேயே படாது என்பது அவர்களுடைய வாதம். நான் மறுபக்கம் நிற்பவன். அதற்கான காரணங்களைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் பின்வந்த திருத்தங்களும் இலங்கையின் ஏறக்குறைய எல்லாக் காட்டுப் பறவைகளையும் பாதுகாக்கின்றன. ஆகவே இங்கே வருவது என் சிறுவயது நினைவும், உரிமத்தோடு பறவை வேட்டை நடக்கும் நாடுகளின் நடைமுறையும் மட்டுமே. 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளிக்கு அடுத்த சில ஆண்டுகள், ஒற்றைக்குழல் துவக்கு வைத்திருந்த மாமாவுக்குப் பின்னால் தோட்டாப் பையைச் சுமந்துகொண்டு நடந்தவன் நான். அந்த நடையைப் பின்னர் போர் நிறுத்தியது. இப்போது என் கையில் இருப்பது கமரா.

மேட்டுப் பறவை என்றால் உலகம் நினைப்பது கவுதாரி, காடை, பெசன்ட் போன்ற தரையில் வாழும் பறவைகளை. இலங்கையில் கவுதாரி வடக்கிலும் மன்னார், புத்தளம் பக்கங்களிலுமே இருப்பதால் எங்களுக்கு வாய்த்தது காடை. அதிலும் நாங்கள் காடை என்று சொல்வதில் பெரும்பகுதி உண்மையான காடையே அல்ல, காடை போலிருக்கும் வேறொரு பறவை. காலைப் பிடித்துப் பார்த்தால் முன்விரல் மூன்று மட்டுமே இருக்கும், பின்விரல் இராது. பெட்டை சேவலைவிடப் பெரியதாகவும் கழுத்தில் கறுப்பு நிறத்தோடும் இருக்கும்; முட்டையிட்டுவிட்டு அது போய்விட, அடைகாப்பது சேவல்தான். பெட்டை எழுப்பும் ஒலி தூரத்தில் மோட்டார் சைக்கிள் ஓடுவதைப் போலக் கேட்கும். அந்த ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதைக் காதைக் கொண்டு தீர்மானிக்க முடிந்த ஒருவரையும் நான் கண்டதில்லை.

இந்த வேட்டையின் முதல் விலை நடை. சூரையும் காரையும் நாயுண்ணியும் மண்டிய பற்றைகளை ஊடறுத்துக் காலை முழுதும் நடந்தால் மூன்றோ நான்கோ காடை எழும். எழுவதும் காலடியிலிருந்து, 'புர்' என்ற சத்தத்தோடு, நெஞ்சு ஒருமுறை நின்று துடிக்கும்படி எழும். அடுத்த பற்றைக்குள் விழுவதற்கு அது எடுத்துக்கொள்வது இரண்டு செக்கன் அளவுதான். அதற்குள் துவக்கைத் தோளுக்குக் கொண்டுவந்து, அது காடைதான், வாலாட்டியோ வானம்பாடியோ அல்ல என்று கண்டு, பின்னால் நிற்பவர் எங்கே என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு வெடி வைக்க வேண்டும். பத்துத் தடவை காடை எழுந்தால் எட்டுத் தடவை மாமா துவக்கைத் தூக்கியதே இல்லை. மிச்சம் இரண்டிலும் ஒன்று பிழைக்கும். கிடைப்பதோ ஐம்பது கிராம் சொச்சப் பறவை. தோட்டாவின் விலையே அதைவிட அதிகம் என்று மாமி முணுமுணுப்பார்.

ஆனால் இந்தக் கடினத்தில் ஒரு சலுகை உண்டு. பறவை பத்துப் பதினைந்து மீற்றரில் எழுகிறது. பெரும்பாலும் நம்மை விட்டு நேரே விலகிப் பறக்கிறது. குறி பார்ப்பதில் கணக்கு அதிகம் இல்லை. வேகமான கை இருந்தால் போதும், அந்தக் கை பழக்கத்தால் வந்துவிடும். மேலைநாடுகளில் இதற்கென்றே வளர்க்கப்பட்ட பாயின்டர், செட்டர் நாய்கள் மோப்பம் பிடித்துப் பறவைக்கு முன்னால் சிலைபோல நின்றுவிடுகின்றன. பறவை எங்கே எழும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடுவதால் திடுக்கிடுதல் என்ற பாதிச் சிரமம் அங்கே கழிந்துவிடுகிறது. மாமாவின் நாட்டு நாய் அப்படி நிற்காது. குரைத்துக்கொண்டு முன்னால் ஓடி, நாற்பது மீற்றருக்கு அப்பால் எல்லாவற்றையும் எழுப்பிவிட்டு, பாராட்டை எதிர்பார்த்துத் திரும்பி வரும்.

இனி நீர்ப்பக்கம். ஏறாவூர்ப் பக்கம் தொடங்கிக் கல்முனைப் பக்கம் வரை நீளும் வாவியும், உன்னிச்சை, உறுகாமம், வாகனேரி, நவகிரிக் குளங்களும், தெற்கே அம்பாறையின் சேனநாயக்க சமுத்திரமும் லகுகலைக் குளமும் குமனை வில்லும் மாரிகாலத்தில் தாராக்களின் இடம். சீழ்க்கையடிக்கும் தாரா இங்கேயே ஆண்டு முழுதும் இருப்பது. நீலச்சிறகியும் ஊசிவாலும் வாடைக்காற்றோடு வடக்கிலிருந்து வந்து பங்குனி வாக்கில் திரும்புபவை. ஆயிரக்கணக்கில் வெட்டவெளியில் கிடப்பவற்றைச் சுடுவதில் என்ன பெரிய வித்தை என்று கேட்பவர், ஒருமுறையாவது அவற்றுக்கு நூறு மீற்றருக்குள் போய்ப் பார்த்திருக்க மாட்டார். தலையின் இரு பக்கங்களிலும் அமைந்த கண்களால் தாரா ஏறக்குறைய முழு வட்டத்தையும் ஒரே நேரத்தில் பார்க்கிறது. கூட்டத்தில் பாதி உறங்கினாலும் மீதி விழித்திருக்கும். மாமா என்னிடம் சொன்ன முதற் பாடம் இதுதான்: "மனே, நீ தாராவக் காண முந்தி தாரா உன்னக் கண்டிரும்."

காடையை நாம் தேடிப் போகலாம். தாராவைத் தேடிப் போனால் அது எழுந்துவிடும். ஆகவே அது வரும் இடத்தில் அதற்கு முன்பே நாம் இருந்தாக வேண்டும். இந்த ஒரு வேறுபாட்டிலிருந்துதான் நீர் வேட்டையின் எல்லாச் சிரமங்களும் கிளைக்கின்றன. சீழ்க்கைத் தாரா பகலில் குளத்தில் ஓய்வெடுத்து, இருட்டும் நேரத்தில் வட்டைக்குப் பறந்து, இரவெல்லாம் மேய்ந்து, விடியுமுன் திரும்பும் பறவை. எந்தக் குளத்திலிருந்து எந்த வட்டைக்கு, எந்த மரத்தின் மேலாக அது போகிறது என்பதை மூன்று நான்கு நாட்கள் வெறுங்கையோடு கவனித்த பின்பே மாமா துவக்கை எடுப்பார். பிறகு அதிகாலை மூன்று மணிக்குத் தோணி. நான் சவள் என்ற துடுப்பை வலிப்பேன்; சவள் தோணியின் விளிம்பில் தட்டிவிடக் கூடாது என்பதற்காக அதில் சாக்குத் துண்டு சுற்றியிருக்கும். பன்னும் கோரையும் அடர்ந்த இடத்தில் தோணியைச் செருகி, மேலே பன்னை வளைத்து மூடிக்கொண்டு, ஆறு மணி வரை அசையாமல் இருக்க வேண்டும். மார்கழி வாடையில் ஈரச் சாரத்தோடு மூன்று மணி நேரம் நுளம்புக்கு உடம்பைக் கொடுத்து இருப்பது, பற்றைக்குள் ஐந்து மைல் நடப்பதைவிட எளிது என்று யாராவது சொன்னால் அவர் அப்படி இருந்து பார்த்ததில்லை என்றே கொள்வேன்.

காற்றும் இரண்டு வேட்டைகளிலும் எதிரெதிராக வேலை செய்கிறது. மேட்டில் நாய்க்கு மோப்பம் கிடைக்க வேண்டும் என்பதால் காற்றை முகத்தில் வாங்கி நடக்கிறோம். நீரில் தாரா காற்றை எதிர்த்தே இறங்கும் என்பதால் காற்றை முதுகில் வாங்கி உட்காருகிறோம். வாடை இரவில் திசை மாறினால் மேட்டு வேட்டைக்காரன் நடக்கும் பக்கத்தை மாற்றிக்கொள்வான். நீர் வேட்டைக்காரனுக்கு அன்றைய ஆயத்தம் முழுதும் வீண்.

பிறகு வெடி. ஒரு சிறகி மணிக்கு 70 கிலோமீற்றர் வேகத்தில் குறுக்கே பறக்கிறது என்று வைத்துக்கொண்டால், செக்கனுக்கு ஏறக்குறைய 19 மீற்றர் போகிறது. 35 மீற்றர் தூரத்தைத் தோட்டாவிலிருந்து சிதறும் சன்னம் கடக்கச் செக்கனில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் ஆகும். அதற்குள் பறவை இரண்டு மீற்றருக்கு மேல் நகர்ந்திருக்கும். அதாவது பறவையைச் சுட்டால் வெறும் காற்றில்தான் படும். பறவைக்கு இரண்டு மீற்றர் முன்னாலுள்ள வெறும் காற்றைச் சுட்டால்தான் பறவையில் படும். அரை வெளிச்சத்தில், தூரம் கணிக்க ஒரு மரம்கூட இல்லாத நீர்ப்பரப்பின் மேல், ஆடும் தோணியில் உட்கார்ந்துகொண்டு இந்தக் கணக்கைப் போட வேண்டும். காடைக்கு வேகமான கை போதும் என்றேன். இதற்கு அந்தக் கையோடு பொறுமையும் கணிப்பும் சேர வேண்டும். முதல் இரண்டு மாரிகளில் மாமா என்னிடம் துவக்கைத் தந்த ஐந்து தடவையும் நான் தாராவுக்குப் பின்னால்தான் சுட்டேன்.

ஐக்கிய அமெரிக்காவில் இதன் மேல் இன்னொரு பாரமும் உண்டு. தாராக்கள் குளத்தின் அடியில் சிறு கற்களைத் தேடும்போது பழைய ஈயச் சன்னங்களையும் விழுங்கி நஞ்சேறி இறந்ததால், 1991 முதல் நாடு முழுதும் நீர்ப்பறவைக்கு ஈயச் சன்னம் தடை. அதற்குப் பதிலாகப் பெரும்பாலோர் எடுத்துக்கொண்ட உருக்குச் சன்னத்தின் அடர்த்தி கனசென்ரிமீற்றருக்கு 7.8 கிராம், ஈயத்துக்கோ 11.3. பாரம் குறைந்த சன்னம் விரைவாக வேகத்தை இழப்பதால் பறவையை இன்னும் கிட்ட வரவழைக்க வேண்டியிருக்கிறது. மேலும், பல இனங்களுக்குத் தனித்தனி எண்ணிக்கை வரம்பு இருப்பதால், வெளிச்சம் வருமுன் பறந்து வருவது எந்த இனம், ஆணா பெண்ணா என்பதை அறிந்த பின்பே விசையை இழுக்கலாம். 1918இன் வலசைப் பறவை ஒப்பந்தச் சட்டமும் 1934இல் வந்த, வேட்டைக்காரர் வாங்க வேண்டிய தாரா முத்திரையும் கூட்டரசின் கையில் இருக்க, ஊரிலேயே பிறந்து ஊரிலேயே சாகும் காடையை அந்தந்த மாநிலமே பார்த்துக்கொள்கிறது. விதிகளின் பாரத்திலும் தாராதான் முன்னால் நிற்கிறது.

சுட்டபின் எடுப்பது தனிக் கதை. காடை விழுந்த பற்றை தெரிந்தால் நாய் எடுத்துவிடும்; கவனிக்க வேண்டியது புடையன் பாம்பு ஒன்றைத்தான், யானை வரும் பருவமாயின் யானையையும். தாரா விழுவது சல்வீனியா என்ற மிதக்கும் களையும் தாமரையும் மூடிய நீரில். மேலைநாட்டில் லப்ரடோர் நீந்திப்போய் எடுத்து வரும். எங்கள் குளங்களில் முதலை இருப்பதால் நாயை இறக்க மாமாவுக்கு மனம் வராது. ஆகவே என்னை இறக்குவார். உன்னிச்சைப் பக்கத்தில் ஒரு நாள் சிறகடிபட்ட தாரா ஒன்று கண்ணெதிரே விழுந்தது. தோணி அந்த இடத்தை அடைந்தபோது சல்வீனியாவில் கையகலக் கிழிசலும் அதில் மிதந்த செம்பழுப்பு இறகு ஒன்றும் மட்டுமே கிடந்தன. அடிபட்ட தாரா மூழ்கிப் போய், அலகை மட்டும் நீருக்கு வெளியே நீட்டிக்கொண்டு இலைக்கடியில் கிடக்கும் என்பதை அன்றுதான் அறிந்தேன். ஒரு மணி நேரம் தேடினோம். காலில் ஏறிய அட்டைகளை எண்ணிய நினைவு இருக்கிறது, தாரா கிடைக்கவில்லை. அதை எண்ணும்போது இன்றும் மனம் கூசுகிறது.

இந்த இரண்டிலும் அடங்காத ஒன்று, ஆங்கிலத்தில் 'ஸ்னைப்' எனப்படும் உள்ளான். சேற்று வட்டையில் வாழ்வதால் அது நீரோடு சேர்ந்தது. நடந்து போய் எழுப்ப வேண்டியிருப்பதால் மேட்டோடு சேர்ந்தது. எழுந்ததும் நேரே போகாமல் வலமும் இடமுமாக வெட்டிப் பறக்கும். இந்தியாவில் இருந்த ஆங்கிலச் சிப்பாய்கள் 18ஆம் நூற்றாண்டில் உள்ளான் சுடுவதற்கு வைத்திருந்த சொல்லிலிருந்தே 'ஸ்னைப்பர்' என்ற போர்க்களச் சொல் பிறந்தது. அந்தச் சொல்லின் மூலம் ஒரு கையளவுப் பறவை என்பதை, அதைக் கேட்டு அஞ்சி வளர்ந்த எங்கள் தலைமுறையில் எத்தனை பேர் அறிவார்களோ தெரியாது.

கமரா எடுத்த பிறகும் என் கணக்கு பெரிதாக மாறவில்லை. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஒவ்வொரு தை மாதமும் நடப்பதைக் காட்டி, எண்ண முடிகிற பறவை எளிதான பறவைதானே என்று நண்பர் ஒருவர் வாதிட்டார். தொலைவில் நின்று எண்ணுவது எளிது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு நீலச்சிறகியின் கண்ணுக்கு மேலுள்ள வெள்ளைக் கோடு தெளிவாக விழும்படி ஒரு படம் எடுக்க எனக்கு மூன்று மாரிகள் ஆயின. காடையின் படம் ஒரு மாலையில், றோட்டோர மண்ணில் அது குளித்துக்கொண்டிருந்தபோது கிடைத்துவிட்டது.

ஆக, புதிதாகத் தொடங்குபவருக்கு முதல் நாளில் கடினமாகத் தோன்றுவது காடை. பத்தாவது ஆண்டிலும் கடினமாகவே இருப்பது தாரா. மேட்டுப் பறவைகளில் காட்டுக்கோழி ஒன்றை மட்டும் இந்தத் தீர்ப்புக்குள் கொண்டுவர என்னால் முடியவில்லை. அது காடையைப் போல் காலடி வரை காத்திருப்பதில்லை. தாராவைப் போல் கூட்டமாக எழுவதும் இல்லை. ஆளரவம் கேட்டதும் பறக்காமல் ஓடி மறைந்துவிடும். குடும்பிமலைப் பக்கத்துக் காட்டில் அதன் கூவலைக் கேட்டு மாமா ஆறு ஆண்டுகள் போனார். அவர் துவக்கை அதற்காக ஒருமுறைகூட உயர்த்தியதை நான் கண்டதில்லை.