வாடகை லென்ஸ் போடச் சம்மதிக்காதீர்கள்

ஆவணியில் கிளிநொச்சியில் எனக்குக் கல்யாணம். தை பிறந்தும் வலது கண்ணில் பார்வை பாதிதான்.

அலங்காரம் செய்ய வந்த அக்கா விடிய நாலு மணிக்கு, "சாம்பல் கலர் லென்ஸ் போட்டால் படம் எடுப்பாக வரும், தங்கச்சி" என்றார். நகை செற் வாடகைக்கு மேல் 3,500 ரூபாய். சின்னப் பெட்டியைத் திறந்தார். மூடியின் ஓரத்தில் பழைய பவுடர் காய்ந்து ஒட்டியிருந்தது. பைப் தண்ணியில் லென்ஸைக் கழுவி அப்படியே கண்ணில் வைத்தார். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வீடு முழுக்கச் சனம், கேட்க வாய் வரவில்லை.

கழற்றும் விதம் சொல்லித் தராமலே போய்விட்டார். அன்றிரவு லென்ஸோடுதான் படுத்தேன். மறுநாள் நகை எடுக்க வந்தபோது அவரே கழற்றினார். கண் சிவந்து, மண் விழுந்த மாதிரி உறுத்தியது. "நித்திரை முழிப்புத்தான், பார்மசியில் சொட்டு மருந்து வாங்கி விடுங்கோ" என்றார். விட்டேன். அது ஸ்டீராய்டு மருந்து என்று பிறகுதான் தெரிந்தது. கிருமியோடு போராடும் கண்ணின் பலத்தை அது குறைத்துவிடுமாம். அடுத்த நாள் கண்ணாடியில் பார்த்தால், கருவிழியில் குருணலரிசி அளவில் ஒரு வெள்ளைப் புள்ளி. யன்னல் வெளிச்சம்கூட ஊசியாய்க் குத்தியது.

யாழ்ப்பாணத்துக்கு ஓடினோம். கண் வைத்தியர் புண்ணைச் சுரண்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார். சூடோமோனாஸ் என்ற பக்டீரியா. ஈரமான லென்ஸ் பெட்டியில் தங்கியிருக்கும். ஓரிரு நாளிலேயே கருவிழியைக் கரைக்கக்கூடியது. மணிக்கொரு தடவை மருந்து, இரவிலும். வைத்தியர் திரும்பத் திரும்பக் கேட்டது தண்ணியைப் பற்றித்தான். கிணறு, குளம், பைப் எல்லாவற்றிலும் அகந்தமீபா என்ற இன்னொரு கிருமி இருக்கலாம். அது லென்ஸோடு கண்ணுக்குள் போய்விட்டால் மாதக்கணக்கில் வைத்தியம். லென்ஸில் எந்தத் தண்ணியும் படக்கூடாது, அதற்குரிய கரைசல் மட்டும்தான்.

பவர் இல்லாத கலர் லென்ஸ்தானே என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் 2005இலிருந்து அதையும் மருத்துவச் சாதனமாகவே சட்டம் பார்க்கிறது. வைத்தியச் சீட்டில்லாமல் விற்க முடியாது. ஒருவர் போட்டதை இன்னொருவர் போடவே கூடாது. கண் நொந்தால் உடனே கழற்றுங்கள். லென்ஸையும் பெட்டியையும் எறியாமல் வைத்தியரிடம் கொண்டு போங்கள், அதிலிருந்தும் கிருமியைக் கண்டுபிடிக்கலாம்.

எனக்கு அது கிடைக்கவில்லை. அண்ணா போய்க் கேட்டபோது, அந்த லென்ஸ் முல்லைத்தீவில் ஒரு சாமத்திய வீட்டுக்குப் போயிருந்தது.