ஆய்வக மேசையா, வரைபடமா, ஊர்க் கிணறா? நீர், மண், பாறையை எங்கிருந்து கற்பிக்கத் தொடங்குவது

மேனிலை வகுப்புகளின் சுற்றுச்சூழல் அறிவியலில் நீர், மண், பாறை ஆகிய மூன்றும் பெரும்பாலும் மூன்று தனிப் பாடங்களாகவே நடத்தப்படுகின்றன. நிலத்திலோ அவை ஒன்றின் மேல் ஒன்றாகவும், ஒன்றுக்குள் ஒன்றாகவும் கிடக்கின்றன. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பல ஊர்களில் நிலத்தடி நீரில் ஃபுளூரைடு மிகுந்திருப்பதற்கு, அங்குள்ள பாறைகளின் கனிமங்களிலிருந்து அது நீரில் கரைந்து வருவதே முதன்மைக் காரணம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அப்பகுதிக்குத் தேவைப்பட்டதும் இதனால்தான். பாறையைப் படிக்காத மாணவருக்கு இந்த நீர்ச் சிக்கல் விளங்காது. ஆகவே, மூன்றையும் ஒரே பொருளாகக் காண எந்த வழி உதவுகிறது என்பதையே முதல் அளவுகோலாகக் கொண்டு, ஆசிரியர்கள் கையாளும் மூன்று வழிகளை இங்கே ஒப்பிடுகிறேன்.

முதலாவது ஆய்வக மேசை. மண்ணைப் பொறுத்தவரை இதன் வலிமையைக் குறைத்து மதிப்பிட முடியாது. நேரான பக்கங்கள் கொண்ட கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு மண்ணைப் போட்டு, நீர் ஊற்றி, சிறிது சலவைத்தூள் சேர்த்துக் குலுக்கி வைத்தால், மணல் ஓரிரு நிமிடங்களில் படிந்துவிடும். வண்டல் துகள்களுக்குச் சில மணி நேரமும், களிமண்ணுக்கு ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். 0.002 மில்லிமீட்டருக்கும் சிறிய துகளே களி என்னும் வரையறையை மனப்பாடம் செய்வதைவிட, மறுநாள் காலையிலும் தெளியாத கலங்கல் நீரைப் பார்ப்பது நெடுநாள் நினைவில் நிற்கிறது. ஒவ்வொரு மாணவரும் தம் கையால் செய்யலாம், தவறினால் மீண்டும் செய்யலாம், செலவும் மிகக் குறைவு.

ஆனால் புட்டிக்குள் வந்த மண் தன் இடத்தை இழந்துவிடுகிறது. மேட்டு நிலத்துச் செம்மண்ணும் தாழ்ந்த நிலத்துக் கரிசலும் இரண்டு புட்டிகளில் அருகருகே இருக்கும்போது, அவை இரு வேறு உலகத்துப் பொருள்களைப் போலத் தோன்றும். மேட்டிலிருந்து கழுவி இறங்கிய கால்சியம் முதலிய கரைபொருள்கள் தாழ்வில் தேங்கி, வீங்கிச் சுருங்கும் களிமண் உருவாகத் துணை செய்தன என்பதையும், ஒரே சரிவில் மேலே செம்மண்ணும் கீழே கரிசலும் அமைவது இதனால்தான் என்பதையும் மேசை காட்டுவதில்லை. பாறைப் பெட்டியிலும் இதே குறை உண்டு. விலைக்கு வாங்கிய பெட்டியில் எங்கோ வெட்டிய கிரானைட் துண்டு இருக்கும்; பள்ளிக்கு எதிரே நிற்கும் குன்றின் கல் இருக்காது. சென்னைப் பல்லாவரம் குன்றுகளின் கருங்கல் சார்னோகைட் என்னும் பாறையாகும். கொல்கத்தாவில் உள்ள, கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்த புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893இல் அவர் நினைவாக அப்பெயரைச் சூட்டினார். உலகப் பாறையியல் நூல்களில் இடம்பெற்ற கல் தங்கள் ஊர்க் குன்றில் இருப்பதை அறியாமலே அங்குள்ள பிள்ளைகள் படித்து முடிப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

நீர்ச் சோதனையில் ஓர் எச்சரிக்கை. கரைந்த திடப்பொருள்களைக் காட்டும் பேனா வடிவக் கருவி இப்போது மலிவாகக் கிடைப்பதால், பல வகுப்புகள் அதோடு நின்றுவிடுகின்றன. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2012இல் வெளியிட்ட குடிநீர் விதிப்படி ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். கருவி 300 என்று காட்டியவுடன் மாணவர் ‘நல்ல நீர்’ என்று எழுதிவிடுகிறார். அந்த 300இல் ஃபுளூரைடு எவ்வளவு என்பதைக் கருவி சொல்லாது. அதற்கு ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம் மட்டுமே. வேறு நீர் கிடைக்காத இடத்திலும் 1.5ஐத் தாண்டக்கூடாது. ஃபுளூரைடு மிகுந்த பகுதியில் இந்தப் பேனாவை மட்டும் நம்பிப் பாடம் நடத்துவது பிள்ளைகளைத் தவறான முடிவுக்கு இட்டுச் செல்லும். நிறமாற்றத்தால் ஃபுளூரைடைக் காட்டும் சோதனைப் பெட்டி ஒன்று அங்கே கட்டாயம் வேண்டும்.

இரண்டாவது வழி, அரசு நிறுவனங்களின் வரைபடங்களும் தரவுகளும். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பூகோஷ் தளத்தில் பாறை வரைபடங்களைக் காணலாம். மத்திய நிலத்தடி நீர் வாரியம் தன் கண்காணிப்புக் கிணறுகளின் நீர்மட்டத்தை ஆண்டுக்கு நான்கு முறை அளக்கிறது. உழவர்களுக்கு அரசு வழங்கும் மண்வள அட்டை அவர்கள் மண்ணின் 12 பண்புகளைத் தருகிறது. ஒரு மாவட்டத்தையே ஒரு பார்வையில் காட்ட வேறு வழியில்லை என்பது உண்மைதான். எனினும் தொடக்கத்திலேயே இதைக் கொடுத்தால், வரைபடத்தின் நிறத்தையே நிலமென்று மாணவர் எண்ணிவிடுகிறார். மண்வள அட்டைக்குப் பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கு ஒன்றும் மானாவாரியில் 10 ஹெக்டேருக்கு ஒன்றுமாகவே மாதிரி எடுக்கிறார்கள் என்பதைச் சொன்னால்தான், அட்டையின் எண் தம் தோட்டத்தின் எல்லா மூலைக்கும் பொருந்துமா என்று கேட்கத் தோன்றும். அப்படிக் கேட்க, முதலில் அவர் மண்ணைத் தொட்டிருக்க வேண்டும்.

மூன்றாவது வழியான ஊர்க் கிணற்றையே நான் முதலிடத்தில் வைக்கிறேன். தமிழ்நாட்டின் பரப்பில் ஏறத்தாழ 73 விழுக்காடு கடும்பாறைப் பகுதி. அங்கே வெட்டிய திறந்த பாசனக் கிணற்றின் சுவர், நிலத்தைக் கத்தியால் அறுத்துக் காட்டியதைப் போன்றது. மேலே செம்மண், அதன் கீழ் சரளை கலந்த முரம்பும், சில இடங்களில் வெண்மையான சுக்கான் (சுண்ணாம்பு) கட்டிகளும், பிறகு, மூலப்பாறையின் பட்டைகள் அப்படியே தெரிந்தாலும் கையால் உதிர்க்கக்கூடிய மக்கிய பாறை, அடியில் விரிசல் ஓடிய கெட்டிப் பாறை. அந்த விரிசல்களின் ஓரத்தில் ஈரம் கறுப்புக் கோடாகக் கசிவதைப் பார்த்த பிறகு, நிலத்தடியில் ஆறு ஓடுகிறது என்ற நம்பிக்கையைத் திருத்த ஆசிரியர் தனியே வாதிட வேண்டியதில்லை. எத்தனை அடியில் பாறை தட்டியது, எங்கே வேட்டு வைத்தார்கள், எந்தத் திசையில் ஊற்றுக்கண் திறந்தது என்பதையெல்லாம் கிணற்றுக்காரரிடமே கேட்டுக் குறித்துக்கொள்ளலாம்.

அதே கிணற்றில், வாரந்தோறும் ஒரே நாளில், மோட்டார் போடுவதற்கு முன், கைப்பிடிச் சுவரில் இட்ட ஒரே குறியிலிருந்து நீர்மட்டத்தை அளந்து, பள்ளியின் மழைமானிக் கணக்கோடு சேர்த்து எழுதினால், ஜூன் முதல் பிப்ரவரி வரையிலான பதிவில் வடகிழக்குப் பருவமழையின் வரவு தெளிவாகத் தெரியும். இங்கே ஒரு கணக்கைச் செய்ய வைப்பது அவசியம். களி குறைந்த, மக்கிய நெய்ஸ் என்னும் பட்டைப் பாறையில் நீர் தரக்கூடிய இடைவெளி ஏறத்தாழ 3 விழுக்காடு. மணற்பாங்கான ஆற்றுப் படிவில் 16 விழுக்காடு. ஆகவே 30 மில்லிமீட்டர் நீர் உள்ளே இறங்கினால் பாறைப் பகுதியில் நீர்மட்டம் 1 மீட்டர் உயரும். ஆற்றுப் படிவில் 20 சென்டிமீட்டர்கூட உயராது. இதையே திருப்பிப் போட்டால், பாறைப் பகுதிக் கிணறுகள் ஒரு மழையில் நிரம்புவதற்கும் சில வார இறைப்பில் வற்றுவதற்கும் ஒரே காரணம் இருப்பது புரியும்.

இந்த வழியின் சுமையும் சிறிதன்று. கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றுக்கு மாணவரை அழைத்துச் செல்லவே கூடாது; எந்தக் கிணற்றுக்குள்ளும் அவர்களை இறக்கக் கூடாது; நில உரிமையாளர், பெற்றோர் ஆகியோரின் ஒப்புதல் முன்னதாகவே வேண்டும். நான் ஓராண்டு நாற்பது பேரை ஒரே நடையில் அழைத்துச் சென்றபோது, பின்னால் நின்றவர்கள் சுவரின் ஓர் அடுக்கைக்கூடப் பார்க்க முடியவில்லை. அதன் பின் பத்துப் பேராகப் பிரித்து, நான்கு நாள்களில் செல்கிறோம். பாடத்திட்டத்தை முடிக்கும் நெருக்கடியில் உள்ள ஆசிரியருக்கு இந்த நான்கு நாள்கள் கடினமானவையே.

எல்லா ஊருக்கும் இந்த வரிசை பொருந்தாது. தஞ்சைப் படுகையில் கிணற்றுக்கு உறை இறக்கியிருப்பதால் அடுக்குகள் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆழ்துளைக் கிணறாக இருந்தால் பார்ப்பதற்கு எதுவுமே இல்லை. வண்டலும் களியும் மாறி மாறிப் படிந்த அந்த நிலத்துக்குப் புட்டிச் சோதனையே சிறந்த தொடக்கம். வாய்க்காலின் அறுபட்ட கரையைத் துணையாகக் கொள்ளலாம்.

பாறைப் பகுதிப் பள்ளியாக இருந்தால், கிணற்றின் ஒவ்வோர் அடுக்கின் மாதிரியையும், மேலே கொட்டிக் கிடக்கும் வெட்டுமண்ணிலிருந்து உரிமையாளரின் துணையோடு அடையாளம் கண்டு எடுத்து வந்து, அவற்றைக் கொண்டே மேசைச் சோதனைகளைச் செய்வதும், வரைபடத்தைக் கடைசியில் விரிப்பதும் என் வழக்கம். சுக்கான் கட்டியின் மேல் நீர்த்த அமிலத்தை ஒரு சொட்டு விட்டால் நுரைத்துப் பொங்கும். அதே வாரம் அதே கிணற்று நீரின் கடினத்தன்மையைத் தரம்பார்த்தலில், அதாவது நிறம் மாறும் வரை கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து அளக்கும்போது, நிறங்காட்டியின் ஒயின் சிவப்பு நீலமாக மாறுவதற்கு எதிர்பார்த்ததைவிட அதிகக் கரைசல் செலவாகும். கட்டியில் இருக்கும் கால்சியமும் குடுவையில் இருக்கும் கால்சியமும் ஒரே நிலத்திலிருந்து வந்தவையா என்று மாணவர் ஒருவர் கேட்பது பெரும்பாலும் அந்த வாரத்தில்தான்.